உப்பளத்தில் ஆயுத பூசை

மரக்காணம் உப்பளத்தின் வரப்பில், ஆயுத பூசைக்கு முதல் நாள் பிற்பகல் நடந்த உரையாடல் இது. சீடன் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கிறான். ஓய்வு கிடைக்கும்போது குருவிடம் பழந்தமிழ் படிக்கிறான்.

சீடன்: ஐயா, அம்மா உப்பு வாரும் பலகையைக் கழுவிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார். நாளை அதற்குச் சந்தனமும் குங்குமமும். கடையில் என் ஸ்க்ரூடிரைவருக்கும் பொட்டு. காவல் நிலையத்தில் துப்பாக்கிக்கும் பொட்டு வைக்கிறார்கள். உப்பு வாருவதும் ஆயுதம், ஆளைச் சுடுவதும் ஆயுதம் என்று ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுவது சரியா?

குரு: உனக்கு எது உறுத்துகிறது?

சீடன்: ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன புறநானூற்றுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தீர்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் மயில்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி அரண்மனையில் மின்னுகின்றன. அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. முதலில் கேட்டபோது அம்மாவின் பலகைதான் நினைவுக்கு வந்தது. அதுவும் உழைத்துத் தேய்ந்ததுதானே என்று பூரித்துப்போனேன். பிறகு யோசித்தேன். பலகை உப்பில் தேய்ந்தது. அந்த வேல் மனித உடம்பில் தேய்ந்தது. இப்போது அந்தப் பாட்டை முன்போல ரசிக்க முடியவில்லை.

குரு: ஔவை படை நடத்தப் போகவில்லை, தூது போனாள் என்பதையும் சேர்த்து யோசி. சரி, அந்தப் பாட்டு இருக்கட்டும். நாம் உட்கார்ந்திருக்கும் மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்று. இன்னொன்று வேலூர். பக்கத்து உப்புவேலூரே அது என்று சொல்வோர் உண்டு. பகைவர் பெருகியதைக் கண்டு நல்லியக்கோடன் அஞ்சி முருகனை வேண்டினானாம். முருகன் கனவில் வந்து, வேலூர்க் கேணியில் பூத்த பூவை எடுத்துப் பகைவர்மேல் எறி என்றானாம். அந்தப் பூவே வேலாகிவிட்டது என்று நச்சினார்க்கினியர் உரையில் எழுதுகிறார்.

சீடன்: அப்படியானால் எதையும் ஆயுதமாக்கலாம். என் கடை அனுபவமும் அதுதான். இந்தச் செல்போனுக்குள் இருக்கும் சில்லு, 1985இல் கேம்பிரிட்ஜில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய ஆர்ம் வடிவமைப்பின் வழியில் வந்தது. மின்சாரம் குறைவாகத் தின்னும். அதனால்தான் உலகத்துச் செல்போன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதுவே இருக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனிலும் இந்த வகைச் சில்லை வைக்கலாம், குண்டு போடும் ட்ரோனிலும் வைக்கலாம். அதற்கு வித்தியாசம் தெரியாது. பிடித்த கை நல்ல கையா கெட்ட கையா என்பதுதான் கேள்வி. இதோடு முடிந்துவிடுகிறதே?

குரு: முடியவில்லை. பொருள்மேல் பழி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது சுலபம். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் அப்படி நினைக்கவில்லை. 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான்: உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு விலக்கு. 4 ஆண்டு கழித்து, 1882இல், உப்புச் சட்டம்: அனுமதி இல்லாமல் உப்பு காய்ச்சக் கூடாது. இரண்டும் நம் கைக்குப் போட்ட பூட்டு. 1930இல் மக்கள் உடைக்கத் தேர்ந்தெடுத்தது எதை?

சீடன்: உப்புச் சட்டத்தை. ராஜாஜி ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து நூறு பேரோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள்.

குரு: அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்றார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் கொடுக்கவில்லை, மரம் கொடுத்தது. சரி, நான் சொல்ல வந்தது இன்னொருவரை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தவர். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில், அவர் போலீஸ்காரர் என்று தெரிந்துவிட்டது.

சீடன்: கத்தி கையில் இருக்கும்போதா?

குரு: கத்தி கையில், எதிராளி முகத்தருகில். வைரப்பன் நிறுத்திவிட்டார். வழக்காயிற்று. மீதியையும் செய்துமுடி என்றார் நீதிபதி. நீங்களே செய்துவிடுங்கள் என்று சவரப் பெட்டியை நீட்டினார் வைரப்பன். 6 மாதம் சிறை. அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. இந்த மனிதரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பாடம் நடத்தலாம் என்பேன். அந்தப் போலீஸ்காரர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாரே, எந்த தைரியத்தில்? முடிதிருத்துகிறவர் கையை ஊரே நம்புகிறது. வைரப்பன் அந்த நம்பிக்கையில் கீறல் விழவிடவில்லை. தன் உழைப்பை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார். துப்பாக்கியும் தடியும் நீதிமன்றமும் வைத்திருந்த அரசால் அரைமுகச் சவரத்தைச் செய்விக்க முடியவில்லை.

சீடன்: அந்தக் கத்தி ஒரே நேரத்தில் மூன்றாக இருந்திருக்கிறது: பிழைப்புக்கான கருவி, கொல்லக்கூடிய இரும்பு, கீழே வைத்ததால் எதிர்ப்பு.

குரு: அந்த மூன்றும் கத்தியில் இல்லை. எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்று கை முடிவெடுக்கும் இடத்தில் இருக்கின்றன. உன் சில்லுக்கு அந்த இடம் இல்லை. அதனால்தான், பிடித்தவன் நல்லவனா என்பதோடு கேள்வி முடியவில்லை என்றேன். எதைப் பிடிக்க மறுக்கிறான் என்றும் கேட்க வேண்டும்.

சீடன்: ஐயா, கோபிக்காதீர்கள். தடி வைத்திருப்பவனுக்கு இதைவிட வசதியான போதனை வேறு இல்லை. அடிபடுகிறவனைப் பார்த்துக் கை ஓங்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

குரு: கோபம் எதற்கு? அதே 1930, மே 21. குஜராத்தில் தராசனா உப்பு ஆலை. அமெரிக்கப் பத்திரிகையாளர் வெப் மில்லர் நேரில் பார்த்து எழுதினார். வரிசை வரிசையாகப் போனார்கள். இரும்புப் பூண் போட்ட தடிகள் தலையில் இறங்கின. அடியைத் தடுக்கக்கூட ஒருவரும் கையை உயர்த்தவில்லை. காயம்பட்டுக் கிடந்தவர்கள் 320 பேரை அவரே எண்ணினார். இருவர் இறந்திருந்தார்கள். அடி வரும்போது கை தானாக மேலே போகும், உடம்பின் இயல்பு அது. அதை அடக்கியவர்கள் தாங்களே அந்த முடிவுக்கு வந்தவர்கள். நிழலில் உட்கார்ந்திருக்கும் நான் உன்னிடம் அதைக் கேட்டால் அது அயோக்கியத்தனம். நீ சொன்னது சரி.

சீடன்: அவர் எழுதியிராவிட்டால் தெரிந்திருக்குமா? அன்று அவர் அனுப்பிய செய்தி செய்த வேலையை இன்று செல்போன் கேமரா செய்கிறது.

குரு: செய்கிறது. பொய்யையும் அதே வேகத்தில் அனுப்புகிறது. அதைப் பற்றி நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், உன் தொழில் அது.

சீடன்: அதைவிட எனக்கு அம்மாவின் கைதான் முன்னால் நிற்கிறது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கால் விரல் இடுக்கில் வெடிப்பு, உப்புத்தண்ணீர் பட்டால் எரியும். வெயிலில் உப்பு அடிக்கும் வெளிச்சத்தில் கண்பார்வை மங்குகிறது என்கிறார். நாளை பலகைக்குப் பொட்டு. அதைப் பிடித்த கைக்கு என்ன?

குரு: இதற்கு நான் தத்துவம் சொல்லக் கூடாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும், கையுறை வேண்டும், கறுப்புக் கண்ணாடி, குடிக்க நல்ல தண்ணீர், உட்கார நிழல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி மூழ்கினால் வேலை போய்விடுகிறது. அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. 3 மாதத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். எழுதித் தருவது என் வேலை, கையெழுத்து வாங்குவது உன் வேலை.

சீடன்: வாங்குகிறேன். இன்று மாலையே தொடங்கிவிடுகிறேன்.

குரு: போவதற்கு முன் ஒன்று. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. ஆயுதச் சட்டத்தை 1959இல் புதிதாக எழுதி வைத்துக்கொண்டோம்; உரிமம் இன்றும் வேண்டும். ஒரு பூட்டைக் கழற்றி இன்னொன்றை நாமே மாட்டிக்கொண்டோம். அதையும் கழற்றச் சொல்வாயா?

சீடன்: மாட்டேன் ஐயா. 1878இன் சட்டத்தில் பூட்டு நமக்கு மட்டும், சாவி அவர்களுக்கு. இன்றைய சட்டம் எல்லோருக்கும் ஒன்றென்றால் இருக்கட்டும். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.