விதி என்றால் மருந்து எதற்கு?

போன மாதம் நம்ம ஞாயிறு சமய வகுப்பில் கர்மா பற்றிப் பேச்சு வந்தது. பின் வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, எல்லாம் விதின்னா டாக்டர் எதுக்கு?" எல்லாரும் சிரித்தோம். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

விதி என்று சொல்லத் தோன்றும் நோய் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அல்சைமர் என்றால் தாத்தா பாட்டிக்கு வரும் மறதி நோய் என்றுதான் நினைக்கிறோம். 65 வயதுக்கு முன்பே வருவதும் உண்டு. அப்படி வருகிறவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு ஒரே ஒரு மரபணு மாற்றமே காரணம்.

கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா வட்டாரத்தில் இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக ஓடும் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு. வந்துவிட்டால் சுமார் 44 வயதிலேயே நினைவு தடுமாறத் தொடங்கும். நம்ம ஊரில் இருந்திருந்தால், "போன ஜென்மத்துப் பாவம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

நோய் வருமுன் தடுக்க முடியுமா என்று பார்க்க, அங்கே 2013இல் ஒரு மருந்துச் சோதனை தொடங்கியது. நல்ல நிலையில் இருந்த 252 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த மரபணு மாற்றமே இல்லை. அவர்களுக்கு வெறும் ஊசிதான் போட்டார்கள். ஏன் தெரியுமா? மாற்றம் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் தன் எதிர்காலம் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் சேர வேண்டும் என்றால், மாற்றம் இல்லாதவர்களும் கூட நிற்க வேண்டும். பல ஆண்டுகள் ஊசி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

2022இல் முடிவு வந்தது. மருந்து தெளிவான பலன் தரவில்லை.

அப்படியானால் அத்தனை வருஷமும் வீணா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரும்புக் கம்பியை உடையும்வரை இழுத்துப் பார்ப்போம். உடைந்த கம்பியும் பாடம் சொல்லும். ஆனால் கம்பி சம்மதித்து வருவதில்லை. இவர்கள் சம்மதித்து வந்தார்கள். தனக்குப் பயன்படாவிட்டாலும் தன் பிள்ளைக்காவது பயன்படலாம் என்ற நிலையில் வந்தார்கள். பலனைப் பற்றிக்கொள்ளாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வது பரீட்சைக்கு முதல் நாள்தான் நமக்கு ஞாபகம் வரும். கீதையைப் படித்தே இராத அந்த மக்கள் அதை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

அதே குடும்பத்தில் அலிரியா என்ற பெண்மணிக்கும் அந்த மாற்றம் இருந்தது. ஆனால் எழுபது வயதைத் தாண்டும்வரை நினைவு பெரிதாகக் கெடவில்லை. வேறொரு அபூர்வ மரபணு மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். 2020இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மூளையும் ஆய்வுக்குத் தரப்பட்டது. இன்று பல விஞ்ஞானிகள் அந்த வழியில் மருந்து தேடுகிறார்கள். இதே வகை நோய்க்கான வேறொரு மருந்தைப் பற்றி 2025இல் ஓர் ஆய்வு வந்தது. அறிகுறி தொடங்குமுன் நீண்ட காலம் அதை எடுத்துக்கொண்டவர்களிடம் நோய் தள்ளிப்போவதற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் அவர்கள் 22 பேர்தான். ஆகவே, இன்றைய மருத்துவத்தால் இந்த நோயைத் தடுத்துவிட முடியும் என்று இன்னும் சொல்ல முடியாது.

தம்பி, இப்போது உனக்குப் பதில் சொல்கிறேன். எந்த மரபணுவோடு பிறக்கிறோம் என்பது நம்ம கையில் இல்லை. வேண்டுமானால் அதை விதி என்று சொல்லிக்கொள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதும் கர்மாதான். கர்மா என்ற சொல்லுக்கே 'செயல்' என்றுதானே பொருள்?

அடுத்த முறை ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போனால், முன்வினையைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் அவரோடு உட்காருவோம். அவரைக் கவனித்துக்கொள்பவர் அந்த நேரம் கொஞ்சம் தூங்கட்டும்.