நான் மொழிபெயர்க்காத கேள்வி

குசினியில் என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர் மாதக்கணக்காக மெலிந்துகொண்டு வந்தார். விட்டுவிட்டுக் காய்ச்சல். பாரிஸ் புறநகரில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவருக்குப் பிரெஞ்சு வராது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன் என்றாலும் 'படிச்ச பெடியன்' என்று இப்படியான அலுவல்கள் என் தலையில்தான் விழும்.

வைத்தியர் கேட்டார்: யாருடன் உறவு கொண்டீர்கள், பெண்களுடனா, ஆண்களுடனா, ஆணுறை பாவித்தீர்களா? என்னிலும் பதினைந்து வயது மூத்தவரிடம், ஊரில் மனைவி பிள்ளைகள் உள்ளவரிடம், இதை எப்படிக் கேட்பது? "அண்ணை, கெட்ட பழக்கம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார்" என்றேன். "சீச்சீ, என்ன தம்பி கதை" என்றார். "இல்லையாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். வைத்தியர் அதற்குமேல் தோண்டவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எழுதவுமில்லை. ஏழு மாதம் கழித்து, நியூமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் விஷயம் தெரியவந்தது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குடியேறியவர்களின் பண்பாடு அறிந்து வைத்தியம் செய்யவேண்டும் என்கிறார்கள். நல்ல பேச்சுத்தான். ஆனால் அன்று அந்த அறையில் பண்பாடு என்று இருந்தது எது? என்னுடைய வெட்கம். அதை அண்ணையின் வாயில் வைத்து, வைத்தியரின் கையில் கொடுத்தேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1983 இல் அமெரிக்க சுகாதார அதிகாரிகள் ஹெயிற்றி நாட்டவரை எயிட்ஸ் ஆபத்துள்ள கூட்டமாகப் பட்டியலிட்டனர். வேலையும் வீடும் இழந்தவர்கள் பலர். 1990 இல் அவர்கள் இரத்ததானம் செய்யவும் தடை வந்தது. அந்த ஏப்ரலில் பல்லாயிரம் பேர் நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போன பிறகே, அவ்வருடக் கடைசியில் தடை கைவிடப்பட்டது. எங்களைப் பற்றியும் அப்படி எழுதிவிடுவார்களோ என்ற பயம் வீண்பயமல்ல.

ஆனால் நோய் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவதல்ல. 2012, 2013 இல் பாரிஸ் பிராந்தியத்தில் நடந்த ஆய்வொன்று, எச்.ஐ.வி. உள்ள ஆபிரிக்கக் குடியேறிகளில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிப்பேர் வரை பிரான்சுக்கு வந்தபின்தான் தொற்றுக்கு உள்ளானார்கள் என்று காட்டியது. விசாவும் நிலையான இருப்பிடமும் இல்லாத வருடங்களே ஆபத்தான வருடங்கள். அந்த வருடங்களை எங்களுக்கும் தெரியும்.

பின்னர் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ நேர கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டன். குசினி முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. கேள்வி அவருக்குரியது. பொய் சொல்லும் உரிமையும் அவருக்குரியது. இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.

அவருக்குத் தேவைப்பட்டது என் மரியாதையல்ல. ஊர் தெரியாத, முகம் தெரியாத ஒரு தமிழ்க்குரல். அல்லது கதை கேட்காமலே பரிசோதனைக்கு எழுதும் வைத்தியர். 15 முதல் 70 வயதுவரை எல்லோருக்கும் பரிசோதனையை முன்வைக்கும்படி பிரான்சின் சுகாதார உயர்சபை 2009 இலேயே சொல்லியிருந்தது. எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானமில்லை. 2022 முதல் வைத்தியரின் துண்டு இல்லாமலே பரிசோதனைக்கூடங்களில் இரத்தம் கொடுக்கலாம்.

அண்ணை இப்போது நாளுக்கொரு குளிசை போடுகிறார். இரத்தத்தில் கிருமி அளவிடமுடியாதபடி குறைந்துவிட்டது. அப்படி இருக்கும்வரை உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. வைத்தியரிடம் தனியாகப் போகிறார். தொலைபேசியில் யாரோ மொழிபெயர்க்கிறார்களாம். என்னைக் கூப்பிடுவதில்லை. அதுதான் சரி.