மறைப்பதும் சொல்வதும்: சுயம் பற்றிச் சில கேள்விகள்

‘உன்னை அறி’, ‘நீ நீயாக இரு’ என்று உபதேசிக்கிற தத்துவங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் பதி, பசு, பாசம் படித்தோம். ஆணவம், கன்மம், மாயை என்கிற மும்மலமும் நீங்கினால் உயிர் தன் உண்மை நிலையை அடையும் என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினோம். சாதி என்கிற நாலாவது மலத்தைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் அந்த மலந்தான் முதலில் காலில் ஒட்டுகிறது.

நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். ‘சொந்த ஊரு எது? ஊருல எந்தத் தெரு? கறி சமைப்பீங்களா? கொலசாமி எது?’ சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஆனால் கேள்விக்குக் கேள்வி அதைத்தான் துழாவுகிறார்கள். இந்த இடத்தில் ‘நீ நீயாக இரு’ன்னா என்ன அர்த்தம்? சொன்னால் வீடு கிடையாது. சொல்லாவிட்டால் பொய்க்காரன். மேல்சாதிக்காரனுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவன் சும்மா இருந்தாலே அவனாக இருக்கிறான். சுயம் அவனுக்குப் பாட்டன் சொத்து. நமக்கோ அது தினமும் விசாரணைக்கு வருகிற வழக்கு.

சாதியை மறைத்து வாழ்கிறவர்களைக் கோழைகள், ஓடிப்போனவர்கள் என்று நம் தோழர்களே மேடையில் ஏசுகிறார்கள். ஏசுவதற்கு முன் இரண்டு பேரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அவரே தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். கூடப் படித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனர்கள். சிநேகம் வைத்தால் குடும்பம், குடியிருப்பு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார்களே என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பாராம். வகுப்பு விட்டதும் யாரும் கிட்டத்தில் வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். அதே மனிதர்தான் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார்.

இன்னொருவர் அம்பேத்கர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகள் மட்டும் தங்குகிற விடுதி ஒன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து ‘நீ யார்?’ என்று கேட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

இவர்களைக் கோழைகள் என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா? அளந்து பார்த்து ஒதுக்குவதற்காகவே ஒருவன் கேட்கும்போது, அவனுக்கு உண்மை சொல்ல வேண்டிய கடன் எனக்குக் கிடையாது. அங்கே ஒழுக்கக்கேடு கேள்வியில்தான் இருக்கிறது, மறைப்பில் இல்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காக மறைப்பில் சேதாரம் இல்லை என்று சொல்ல முடியாது. மறைக்கிறவன் தனக்குத்தானே காவல்காரனாகிவிடுகிறான். பேச்சில் ஊர் வாடை வந்துவிடாமல் வடிகட்டிப் பேசுகிறான். அம்பேத்கர் படம் பீரோவுக்குள் போய்விடுகிறது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது பலருக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இதனால்தான். எதை வெளியே வராமல் நாக்குக்கடியில் அமுக்கி வைத்திருந்தோமோ, அந்தப் பேச்சே புத்தகமாக வந்து நின்றது.

இதைவிடப் பெரிய சேதாரம் ஒன்று இருக்கிறது. நகரத்தில் உத்தியோகத்தில் இருக்கிற மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா வருகிறாள். பேரப்பிள்ளைக்கென்று உப்புக்கண்டம் முடிந்து கொண்டுவருகிறாள். ‘எம்மா, இதையெல்லாம் ஏம்மா தூக்கியாந்த? பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட எதுவும் பேசிக்கிட்டு நிக்காத’ என்கிறான் மகன். அவள் இரண்டு நாள் சமையல்கட்டுக்குள்ளேயே கெடந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறாள். இங்கே என்ன நடக்கிறது? வீட்டுக்காரன் மகன்மேல் சுமத்திய தீண்டாமையை, மகன் தாய்மேல் இறக்கி வைக்கிறான். மறைப்பின் விலையை நானே கொடுக்கிறவரை அது என் தற்காப்பு. என் தாயோ, உறவோ, என் தெருப் பிள்ளையோ கொடுக்க நேர்ந்தால், நான் தீண்டாமைக்குத் தரகு பார்க்கிறேன் என்று அர்த்தம். மறைக்கலாமா, சொல்லலாமா என்கிற குழப்பத்தில் எனக்குக் கிடைத்திருக்கிற அளவுகோல் இதுதான்.

சரி, சொல்வது என்றால் எந்தப் பெயரைச் சொல்வது? சுமத்தப்பட்ட சாதிப் பெயர்தான் என் உண்மைச் சுயமா? இதற்கு நம் முன்னோர்களே வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் வசவாக எறியப்பட்ட பெயரைக் கையில் பிடித்து, அந்தப் பெயரிலேயே உரிமை கேட்டார். அயோத்திதாசர் அந்தப் பெயரே நம்முடையதல்ல, எதிரிகள் ஒட்டியது என்றார். நாம் பூர்வ பௌத்தர்கள் என்று சொல்லி 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் ‘எனக்குப் பெயர் வைக்கிற உரிமை எனக்குத்தான்’ என்பதில் இரண்டு பேருக்கும் பேதமில்லை.

ஆகவே நம் சுயம் எங்கோ உள்ளுக்குள் ஆழத்தில் புதைந்து கிடக்கிற பொருள் அல்ல, தியானம் பண்ணித் தோண்டி எடுப்பதற்கு. பிடுங்கப்பட்ட ஓர் உரிமையைத் திரும்ப எடுப்பதுதான் அது. நாளும் பிடிக்கிறது. இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் யேவலாவில் அறிவித்தது 1935 அக்டோபரில். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14இல். நடுவில் இருபத்தொரு வருசம் போயிற்று. கடைசியிலும் அவர் தனியாகப் போகவில்லை. லட்சக்கணக்கான மக்களோடு போனார்.

தனியாகப் போகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘தைரியமாச் சொல்லு’ என்று ஒற்றை ஆளாய் நிற்கிற விடுதி மாணவனிடம் சொல்வது சுலபம். சொன்ன பிறகு அவனுக்குத் தங்க இடம் யார் தருவது? அடி விழுந்தால் கூட யார் நிற்பது? அதற்கு வாசகர் வட்டமோ சங்கமோ, குறைந்தது நாலு வீடோ வேண்டும். அதை உண்டாக்காமல் தைரியத்தை மட்டும் உபதேசிக்கிறவன் மும்மல வாத்தியாருக்குத் தம்பி.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை நாம் எல்லோரும் செய்யலாம். அடுத்த தடவை ‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று ஆரம்பிக்கிறவரிடம், ‘இருக்கட்டும், நீங்க என்ன சாதி? அதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய சங்கடத்தை அவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.