கதை சொல்வார்க்கு உரிமையும் வரம்பும்

ஸ்ரீராமகாதையின் முடிவை அறியாதார் இலர். இராவணன் மாள்வான், பிராட்டி மீள்வாள், பட்டாபிஷேகம் நிகழும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அறிந்திருந்தும் உத்ஸவ காலங்களில் உபந்யாஸம் கேட்க ஆஸ்திகர்கள் திரளாகக் கூடுகின்றனர். சொல்லும் முறையில்தான் அவர்களுக்கு ஆவல். எனவே ஒரு தர்ம விசாரம் எழுகிறது. முன்னோர் அருளிய கதையைப் பின்வந்தோர் மாற்றிச் சொல்லலாமா? அது ஸத்யத்துக்குப் பழுதாகாதா?

ஆதிகவியாகிய வால்மீகி பகவான், இராவணன் பிராட்டியைக் கையால் பற்றித் தேரில் ஏற்றியதாகவே கூறினார். கம்பநாட்டாழ்வாரோ, அவன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாகப் பாடினார். வால்மீகத்தில், சிறிய திருவடியின் முதுகில் ஏறிச் செல்லப் பிராட்டி இசையவில்லை. இராவணன் தீண்டியது பலவந்தத்தால் நேர்ந்தது, தானாகப் பிற ஆடவரைத் தீண்டுவதற்கில்லை என்பது அவள் கூறும் காரணங்களுள் ஒன்று. ஒருவர் பிராட்டியின் உள்ளத்து உறுதியைக் காட்டினார். மற்றவர் தீண்டலையே விலக்கினார். இருவரும் காத்த பொருள் ஒன்றே.

கம்பநாட்டாழ்வார் தாம் செய்த மாற்றத்தை அவ்விடத்தோடு விட்டுவிடவில்லை. அசோகவனத்திலும் பிராட்டி அந்தச் சாலையிலேயே இருக்கிறாள். மீண்டு வந்த சிறிய திருவடி, இளைய பெருமாள் புல்லால் அமைத்த சாலையிலேயே அவளைக் கண்டதாகப் பெருமாளிடம் விண்ணப்பிக்கிறார். தம்பியின் கைங்கர்யம் பகைவனின் ஊரிலும் பிராட்டிக்கு நிழலாயிற்று என்னும் அரிய பொருள் இதனால் கிடைக்கிறது. ஓரிடத்தில் கதையை மாற்றியவர், அதன் விளைவைக் கடைசிவரை சுமக்கக் கடமைப்பட்டவர் என்பதும் விளங்குகிறது.

இல்லாததைப் புகுத்துவதற்கும் முறை உண்டு. யுத்த காண்டத்தில் வரும் இரணியன் வதைப் படலம் வால்மீகத்தில் இல்லை. விபீஷணாழ்வான் தமையனுக்கு ஹிதம் கூறும் இடத்தில் கம்பர் அதனை அமைத்தார். வர பலத்தை நம்பியிருப்பவனிடம், அவ்வாறே நம்பி அழிந்தவனின் கதை சொல்லப்படுகிறது. இரணியன் வரத்தில் அடங்காத வடிவில் எம்பெருமான் தோன்றினான். இராவணனும் மனிதரை அற்பமாக எண்ணி வரத்தில் விட்டவனே. இந்த உபதேசம் செவியேறாமற் போகவே, அடுத்து வருவது விபீஷண சரணாகதி. புதிய கதை பழைய கதைக்கு வாயிலாக நின்றது. திருவரங்கத்தில் அரங்கேற்றத்தின்போது இப்பகுதிக்கு ஆட்சேபம் எழுந்ததாகவும், மேட்டழகியசிங்கர் திருமுடி அசைத்து அங்கீகரித்ததாகவும் கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. தாயார் ஸந்நிதிக்கு எதிரில் கம்பர் மண்டபத்தை இன்றும் ஸேவார்த்திகள் காண்கின்றனர்.

இனி, வரம்பு யாது? வாலிவதத்தைக் காண்க. மறைந்து நின்று அம்பெய்ததே நாயகனைக் குறித்துப் பலர் எழுப்பும் வினா. பர்ணசாலையைப் பெயர்த்தெடுக்கச் செய்த கவிக்கு, பெருமாளை நேரில் நின்று போர் புரியச் செய்வது அரிதன்று. ஆயினும் அவர் அதைச் செய்யவில்லை. வாலியை நெடிது வாதிடச் செய்தார். மறைந்ததற்குரிய விடையை இளைய பெருமாள் வாயிலாக வைத்தார்: தம்பி முன்னரே சரணடைந்தான், எதிர்நின்றால் தமையனும் சரணடையக்கூடும், அப்போது முன் கொடுத்த வாக்கு என்னாவது? வால்மீகத்தில் பெருமாள் தாமே ராஜதர்மம் கூறி விடையளிக்கிறார். விடை வேறு, வினாவை இருவரும் மறைக்கவில்லை.

ஆகவே, பொருளைத் துலக்கும் மாற்றம் ஸத்யத்துக்கு விரோதமாகாது. கேட்போர் நெஞ்சை உறுத்தும் வினாவை ஒளிக்கச் செய்யும் மாற்றமே பொய்யாகும். கதை கேட்கும் அன்பர்கள் ஒரு புதிய மாற்றத்தைச் செவியுற்றால், உடனே வெறுக்கவும் வேண்டாம், வியக்கவும் வேண்டாம். அது எதைக் காக்கிறது, எதை மறைக்கிறது என்று சிந்தித்தல் நலம். அவ்வாறு கேட்பதும் ஒரு கைங்கர்யமேயாகும்.