விளிம்பில் விடுபட்ட பெயர்

கடவுளின் பெயர் பொறித்த நாணயத்தின் விலை ஒரு டாலர். அப்பெயர் விடுபட்டுப்போன நாணயத்தின் விலையோ பல நூறு டாலர். இது நாத்திகர் எவரோ புனைந்த கேலிக்கதை அன்று. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்மையாகவே நடந்தது. நாணயம் சேர்ப்போரின் பொழுதுபோக்கைச் சார்ந்த இச்சிறு நிகழ்ச்சி, பிழை என்பது யாது, பாவம் என்பது யாது, ஒரு மனிதனின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்களை என்னுள் எழுப்பிற்று. அவற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விழைகிறேன்.

முதலில் நிகழ்ச்சியைக் காண்போம். மறைந்த குடியரசுத் தலைவர்களின் உருவம் தாங்கிய ஒரு டாலர் நாணயங்களை ஆண்டுக்கு நால்வர் வீதம் வெளியிடுவதற்கு 2005-இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. முதல் நாணயம் ஜார்ஜ் வாஷிங்டனுடையது. 2007 பிப்ரவரி 15 அன்று அது மக்கள் கைக்கு வந்தது. பொன்னிறம் கொண்டது; ஆயினும் பொன் அன்று. செம்போடு துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல் கலந்த உலோகம், எடை 8.1 கிராம். அதன் புதுமை விளிம்பில் இருந்தது. ஆண்டு, நாணயச்சாலையின் குறியெழுத்து, பலவற்றிலிருந்து ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் தொடர், கடவுளில் நம்பிக்கை கொள்கிறோம் என்னும் நாட்டு முழக்கம் ஆகிய அனைத்தும் முகப்பில் இடம் பெறாமல், நாணயத்தின் மெல்லிய விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டன.

இவ்வேலை இரண்டு படிகளாக நடைபெற்றது. நாணயத்தின் இரு பக்கங்களும் ஓர் இயந்திரத்தில் அச்சாகும். பின்னர் அவை பெரிய தொட்டிகளில் வேறோர் இயந்திரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே விளிம்பெழுத்துகளைப் பெறும். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஒரு பகுதி நாணயங்கள் இந்த இரண்டாம் படியைக் கடக்காமலே வெளியேறிவிட்டன. வாஷிங்டன் நாணயங்கள் மொத்தம் ஏறத்தாழ 34 கோடி அச்சாயின. அவற்றுள் விளிம்பு வெறுமையானவை 50,000 அளவில் இருக்கலாம் என அன்று வல்லுநர்கள் மதிப்பிட்டனர். மக்கள் அவற்றுக்குச் சூட்டிய பெயர், 'கடவுளில்லா டாலர்'.

செய்தி பரவியதும் வேட்டை தொடங்கியது. வங்கிகளில் 25 நாணயங்கள் கொண்ட உருளைக் கட்டுகளை வாங்கி வந்து, மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் ஏராளம். குறையற்ற நாணயங்களைத் திரும்ப வங்கியில் செலுத்திவிட்டு, குறையுள்ளதை மட்டும் போற்றி வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் பல நூறு டாலருக்கு விலைபோன பிழை நாணயம், ஆயிரக்கணக்கில் அகப்படத் தொடங்கியதும் சில வாரங்களிலேயே ஐம்பது டாலர் அளவுக்கு இறங்கியது. அடுத்து வந்த ஜான் ஆடம்ஸ் நாணயங்களிலோ சிலவற்றில் விளிம்பெழுத்து இருமுறை பதிந்திருந்தது. வேட்டை மீண்டும் தொடர்ந்தது.

கடவுளின் பெயர் விடுபட்டதற்காகப் பலர் வருந்தினர். அப்பெயரைத் திட்டமிட்டே ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள் எனச் சினந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டம் திருத்தப்பட்டது. 2009 முதல் அம்முழக்கம் நாணயத்தின் முகப்புக்கே வந்து சேர்ந்தது. இவ்விவாதம் அந்நாட்டுக்குப் புதிதன்று. உள்நாட்டுப் போரின் நடுவே, 1861-இல், மார்க் வாட்கின்சன் என்னும் போதகர் நாணயங்களில் இறைவனை நினைவுகூர வேண்டுமெனக் கருவூலச் செயலருக்கு மடல் எழுதினார். 1864-இல் இரண்டு சென்ட் நாணயத்தில் அம்முழக்கம் முதன்முதலாக இடம்பெற்றது. ஆனால் 1907-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் புதிய பொற்காசுகளிலிருந்து அதனை நீக்கச் செய்தார். அவர் இறைமறுப்பாளர் அல்லர். கொடுக்கல் வாங்கலில் கைமாறும் காசில் இத்துணைப் புனிதமான சொற்களை எழுதுவது இறைவனுக்கு அவமரியாதை என்பதே அவர் கருத்து. மக்கள் பிரதிநிதிகள் அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டே சட்டம் இயற்றி அச்சொற்களை மீட்டனர்.

இரு தரப்பாரிலும் பக்தி இருந்தது. எவர் சொன்னது சரி என்று தீர்ப்பிட நான் முற்படவில்லை. என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. பிழை நாணயத்துக்கு நல்ல விலை இருப்பதைக் கண்ட சிலர், நல்ல நாணயத்தின் விளிம்பை அராவி, எழுத்துகளை அழித்துவிட்டு, இதுவும் கடவுளில்லா டாலர்தான் என்று விற்கத் துணிந்தனர். வாங்குவோர் ஏமாறாதிருக்க எடையைச் சோதித்துப் பார்க்குமாறு வல்லுநர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு நாணயங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டின் விளிம்பும் வெறுமை. இரண்டிலும் இறைவனின் பெயர் இல்லை. ஒன்றில் இயந்திரம் மறந்தது. மற்றொன்றில் மனிதன் அழித்தான். முன்னது பிழை, பின்னது பாவம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாளில் மனப்பாடம் செய்த பாடம் இது. ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான காரியமும் முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். இதற்கு அந்த நாணயச் சந்தையே மற்றுமோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. விளிம்பெழுத்துகள் சில நாணயங்களில் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் தோன்றும். இயந்திரத்துள் நாணயம் எப்பக்கமாக விழுந்ததோ அதைப் பொறுத்தது அது, பிழையே அன்று. ஆனால் தலைகீழ் எழுத்துள்ளது அரிய பிழை நாணயம் என்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். அறியாமல் சொன்னவர் தவறினார். அறிந்தே சொன்னவர் வஞ்சித்தார். நாணயம் ஒன்றே, சொல்லும் ஒன்றே, பெற்ற விலையும் ஒன்றே. வேறுபாடு உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் மனிதர் விளிம்பைப் பார்க்க, ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறார்.

நாமோ இவ்விரண்டையும் ஓயாமல் குழப்பிக்கொள்கிறோம். அராவும் கையைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறோம்; தான் செய்யாத ஒன்றைச் சுமந்து பிறந்தவரைக் குற்றவாளியாக நிறுத்துகிறோம். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவரா பெற்றோரா என்று ஆண்டவரிடம் வினவினார்கள். இருவரும் அல்லர் என்றார் அவர். ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அவ்வினா நம் வீடுகளிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. ஊனத்தோடு ஒரு பிள்ளை பிறந்தால், எந்தத் தலைமுறையின் சாபமோ என்று உறவினரே முணுமுணுக்கிறார்கள்.

பிறரைச் சொல்வானேன்? குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு மாலை, இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு பங்கு இல்லத்துக்கு வந்தாள். "சாமி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும்" என்றாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். தந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள். மறுபடியும் கேட்டேன். விடை இல்லை. அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருக்குமே என்பதே அப்போது எனக்குப் பெருங்கவலையாக இருந்தது. உரிய சான்றுகளோடு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மீண்டும் வரவேயில்லை. சில நாள் கழித்துத் தேடியபோது ஊரைவிட்டே போய்விட்டிருந்தாள். அக்குழந்தைக்கு என்ன பெயர் வைக்க எண்ணினாள் என்று நான் கேட்கவே இல்லை என்பது அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது.

திருமுழுக்கு ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்று மறையுரைகளில் எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். அம்முத்திரையைப் பெறவேண்டி என் வாயில் வரை வந்த குழந்தையை, விளிம்பில் ஒரு பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பினேன். குழந்தையிடத்தில் எந்தக் குற்றமும் இல்லை. அன்று பாவம் என்று ஒன்று இருந்திருந்தால், அது பேனாவைப் பிடித்திருந்த கையில் இருந்தது.

அப்படியானால், பிழை நாணயத்தைப் போற்றுவோர்போல நாமும் குறையுள்ளவர்களைப் போற்றினால் போதுமா? இங்கே விழிப்போடு இருக்க வேண்டும். நாணயம் சேர்ப்பவர் குறையைக் குறைக்காக விரும்புவதில்லை. அது அரிதாயிருப்பதால் விரும்புகிறார். 2000-ஆம் ஆண்டில், ஒரு பக்கம் கால் டாலரின் வாஷிங்டன் உருவமும் மறுபக்கம் ஒரு டாலரின் கழுகும் மாறிப் பதிந்த நாணயங்கள் சில வெளியாயின. கிடைத்தவை மிகச் சில. ஆகவே ஒன்றன் விலை ஓர் இலட்சம் டாலரைக் கடந்ததும் உண்டு. விளிம்பு விடுபட்டவையோ பல்லாயிரம்; ஆகவே விலை சரிந்தது. பிழையற்ற நாணயங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மக்கள் காகித டாலரையே விரும்பியதால் அவை புழங்காமல் தேங்கின. 2011 டிசம்பரில், புழக்கத்துக்காக அவற்றை அச்சிடுவது நிறுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 140 கோடி டாலர் நாணயங்கள் பெட்டகங்களில் கிடந்தன. மிகுந்தால் மலிவு, அருகினால் மதிப்பு. சந்தைக்குத் தெரிந்த நீதி அவ்வளவே.

அந்த நீதி மனிதருக்குப் பொருந்தினால் நம் கதி என்ன? இன்று உலகில் 800 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறோம். அரிதாயிருப்பதே மதிப்பு என்றால் நம்மில் எவருக்கும் மதிப்பில்லை. ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் பெண்ணிடம் பத்து நாணயங்கள் இருந்தன. தொலைந்துபோன ஒன்று மற்ற ஒன்பதைவிட அரியது என்று லூக்கா எழுதவில்லை. அதில் விந்தையான பிழை எதுவும் இருந்ததாகவும் சொல்லவில்லை. மற்றவற்றைப் போன்ற ஒரு சாதாரண நாணயம், ஆனால் அவளுடையது. அதற்காகவே அவள் விளக்கேற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கண்டபின் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்ந்தாள். விளக்கும் உருப்பெருக்கியும் ஏந்திக் குறையைத் தேடுவது ஒரு தேடல்; குறையோடும் தூசியோடும் கிடப்பதை, தன்னுடையது என்பதற்காகவே தேடுவது மற்றொரு தேடல்.

சீசரின் உருவம் பதிந்த காசு சீசருக்கு உரியது என்றால், கடவுளின் சாயல் பதிந்த மனிதன் கடவுளுக்கே உரியவன் என்று தெர்த்துல்லியன் அன்றே விளக்கினார். புனித அகுஸ்தினார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். நாம் இறைவனின் கருவூலத்திலிருந்து வழிதவறிப்போன நாணயங்கள். அலைந்து திரிந்ததில் நம்மேல் பதிந்த உருவம் தேய்ந்துவிட்டது. முதலில் நம்மை உருவாக்கியவரே அதனைப் புதுப்பிக்க வந்தார் என்பது யோவான் நற்செய்தி விரிவுரையில் அவர் தரும் பொருள். தேய்ந்த நாணயத்தை நாணயச்சாலை உருக்கிவிடும். இறைவனோ கையில் எடுத்து மீண்டும் பொறிக்கிறார்.

விளிம்பு வெறுமையான அந்த டாலரும் சட்டப்படி டாலர்தான். பெயர் விடுபட்டதால் அதன் முகத்தில் இருந்த உருவம் அழிந்துவிடவில்லை. இறைவனின் பெயரை இன்னும் அறியாதவரிடத்திலும், அறிந்தும் மறந்தவரிடத்திலும், ஏட்டில் பெயர் எழுதப்படாத பிள்ளையிடத்திலும் அவருடைய சாயல் இருக்கிறது. நம் வாயிலில் வந்து நிற்பவரிடம் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்க்கப் பழகுவோம்.

அன்றிலிருந்து எவர் குழந்தையோடு வந்தாலும், பதிவேட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்கும் முதற்கேள்வி, "பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான்.