காய்ப்புழுவைக் கொன்றது யார்?

தக்காளியில் காய்ப்புழு இருக்கிறதா என்று தேடவே வேண்டியதில்லை. காயைக் குடைந்து தலையை மட்டும் உள்ளே நுழைத்திருக்கும். பின்னுடம்பு வெளியே தொங்கும். ஓட்டையின் விளிம்பில் ஈரமான புழுக்கை. மாடித்தோட்டக்காரர் அதை இரண்டு விரலால் இழுத்து எடுத்துவிடுகிறார். அப்புறம்? நசுக்குவதா, சோப்புத் தண்ணீரில் போடுவதா, பக்கத்துக் காலிமனையில் வீசுவதா?

கொல்லாமையைப் போதித்த சமயங்கள் இந்தச் சிக்கலை முதலில் கண்டது ஏர்முனையில்தான். உழவில் மடிந்து கிடந்த புழுக்களைப் பார்த்து இளம் சித்தார்த்தன் கலங்கியதை அசுவகோஷரின் புத்தசரிதம் சொல்கிறது. பௌத்தத் துறவி மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை ஒடிக்கக் கூடாது என்று விநய விதிகள் தடுக்கின்றன. சுவேதாம்பர சமணர் இல்லறத்தாருக்கு விலக்கிய பதினைந்து தொழில்களில் நிலத்தைப் பிளப்பதும் ஒன்று. ஆனால் உலகுக்கு உழவைக் கற்றுக்கொடுத்தவர் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் என்கிறது ஜினசேனரின் ஆதிபுராணம். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார்கள் தலைமுறை தலைமுறையாகக் காடு கழனி பார்ப்பவர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் நோன்பும் ஏரும் அவர்கள் வீட்டில் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றன. வள்ளுவரும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம், உழவுக்கு ஓர் அதிகாரம் என்று ஒரே நூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சமண அறிஞர்கள் கொலையை நான்காகப் பிரித்தார்கள். வேண்டுமென்றே செய்வது; சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது; தொழிலில் நேர்வது; தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முதலாவதை முற்றிலும் விட்டாக வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்தால் போதும். ஏரில் அகப்பட்ட மண்புழு மூன்றாம் வகை. விரலில் நெளியும் காய்ப்புழு? தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டார், எடுத்துவிட்டார், என்ன செய்யப்போகிறோம் என்றும் அவருக்குத் தெரியும். தற்காப்பு என்று சொல்லவும் வாய் வராது. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு இங்கேதான் கோணலாகிறது. சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்குகிறவர் எந்தப் புழுவையும் நினைத்ததில்லை. எண்ணத்தை மட்டும் அளந்தால் அவர் சுத்தமானவர். ஆனால் மருந்தடித்த வயலில் விளைந்த காயாக இருந்தால், அதற்காகச் செத்த பூச்சிகளைத் தோட்டக்காரரின் சோப்புத் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாது. ஒருவரிடம் எண்ணம் உண்டு, எண்ணிக்கை இல்லை. மற்றவரிடம் எண்ணிக்கை உண்டு, எண்ணம் இல்லை. எண்ணத்தை மட்டும் பார்க்கும் தராசு, கண்ணை மூடிக்கொள்கிறவருக்குப் பரிசு கொடுத்துவிடுகிறது.

சமணம் இதையும் யோசிக்காமல் இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றுமே வினை என்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இயற்கை வழிப் பூச்சி மேலாண்மை என்று பெருமையாகச் சொல்லப்படுகிறவையும் தப்புவது கடினம். டிரைக்கோகிரம்மா என்ற சின்னஞ்சிறு குளவியை அட்டையில் வாங்கிக் கட்டிவிட்டால், அது பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு அதை அழித்துவிடும். தோட்டக்காரர் கை படவில்லை. கூலிக்கு ஆள் வைத்த கதைதான். செண்டுமல்லி கொஞ்சம் மேல். 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி என்ற கணக்கில், 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றைச் சேர்த்து நடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தாய் அந்துப்பூச்சி பூவுக்குப் போய் முட்டையிடும். அந்தப் புழுக்களைப் பூவிலேயே விட்டுவைத்தால் கொலை இல்லை. பொறுக்கி அழித்தால் பழைய கதை.

கொல்லாமை விஷயத்தில் காந்தி சமணர்களோடு முரண்பட்டவர். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்றை ஊசி போட்டுச் சாகச் செய்ததற்காக வசவு வாங்கினார். பயிரைத் தின்னும் குரங்குகளைப் பற்றி 1946இல் எழுதும்போது, பஞ்சம் நிலவுகையில் அகிம்சையின் பேரால் விளைச்சலை விட்டுக்கொடுப்பது பாவம் என்னும் பொருள்பட எழுதினார். தானியம் விளைவிக்கும் குடியானவருக்கு அது நியாயம். நாலு தொட்டி வைத்திருக்கும் மாடித்தோட்டக்காரர் அந்த நிழலில் ஒதுங்க முடியாது. காய் போனால் தெருமுனைக் கடை இருக்கிறது. அவர் பட்டினி கிடக்கப்போவதில்லை.

அவருக்கு எஞ்சும் வழி வலை. நாற்று நட்ட அன்றே நெருக்கமான நைலான் வலையால் கூண்டு கட்டிவிட்டால் அந்துப்பூச்சி உள்ளே வராது. இலைச்சுருட்டு நச்சுயிரியைச் சுமந்து வரும் வெள்ளை ஈயும் பெரும்பாலும் வராது. தேனீயும் வராதே என்று பயப்பட வேண்டாம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

பழைய தொட்டி மண்ணில்தான் வம்பு. போன பருவத்துக் காய்ப்புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. அதனால் நடவுக்கு முன்பே மண்ணைக் கொத்திக் கிளறி வெயிலில் காயப்போடச் சொல்கிறார்கள் வேளாண் அதிகாரிகள். மேலே வரும் கூட்டுப்புழுவை மைனா பொறுக்கிக்கொள்ளும். புத்த பிக்குவுக்குத் தடைசெய்யப்பட்ட வேலையும் இந்த மண் கொத்தல்தான்.