கும்பத்தில் எதை ஏற்றுவது?

கிழக்கிலங்கையில் கிளிவெட்டிப் பக்கத்துக் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகித்துத் தனியிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். அங்கே பூசை நிற்காது. பிறகுதான் கூரையைப் பிரிப்பார்கள், சுவரை இடிப்பார்கள். விக்கிரகம் பின்னப்பட்டிருந்தால் அதையும் மாற்றுவார்கள். கல் மாறலாம், குடியிருப்பது மாறக்கூடாது என்பது இதன் உட்பொருள். நாம் சிறுவயதில் நேசித்த தொலைக்காட்சித் தொடர்களைத் திரைப்படமாக மீட்கலாமா என்ற கேள்விக்கும் இந்த வழக்கத்திலேயே விடை இருக்கிறது. மீட்கலாம். ஆனால் இடிக்கத் தொடங்குமுன் எதைக் கும்பத்தில் ஏற்றினோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சுட்டி டிவியில் தமிழ் பேசிய 'டோராவின் பயணங்கள்' தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் ஓவியமும் எளிமை, கதையும் எளிமை. ஆனால் டோரா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, திரைக்கு வெளியே இருக்கும் பிள்ளையைப் பார்த்தபடி பேசாமல் காத்திருப்பாள். திருடக் கூடாது என்று மூன்று முறை சொன்னால், திருட வரும் குள்ளநரி தோற்றுத் திரும்பிவிடும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டே வளர்கிற பிள்ளைக்கு, உன் சொல்லுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், நீ சொன்னால் கள்ளனும் நிற்பான் என்று அந்தத் தொடர் சொன்னது. சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கை நம் மந்திர மரபின் அடித்தளம். அதை நான்கு வயதில் கையளிப்பது சிறிய காரியமல்ல. அந்தச் சில நொடி மௌனம்தான் தொடரின் மூலஸ்தானம். 2019இல் வந்த ஹாலிவுட் படத்தில் டோரா பதினாறு வயது மாணவி. தொடக்கத்தில் சிறுமியாக வரும்போது, சாப்பாட்டு மேசையிலிருந்து நம் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்கிறாள். யாரிடம் பேசுகிறாள் என்று பெற்றோர் விழிக்கிறார்கள். முன்பு பதில் சொல்லி வளர்ந்தவர்களுக்கு அது நல்ல நகைச்சுவை. இன்று நான்கு வயதான பிள்ளைக்கோ அங்கே பதில் சொல்ல இடமே இல்லை. படம் மோசமில்லை, நாயகியும் நல்ல மனம் கொண்டவள். கோபுரம் எழுந்திருக்கிறது, கும்பம் மட்டும் உள்ளே போகவில்லை.

'சக்திமான்' தொடரைத் தழுவிய படம் 2022இல் அறிவிக்கப்பட்டபின் எழுந்த சர்ச்சையும் நாயகனின் உடையை யார் அணிவது என்பதைச் சுற்றியே நடந்தது. தொடரில் சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா பகுதிகளின் முடிவில் தோன்றிப் பிள்ளைகளிடம் நேரே பேசினாரே, அந்தப் பேச்சு படத்தில் இருக்குமா என்பதல்லவா முதற்கேள்வி? மாறாக, கும்பத்தை மறக்காமல் புதுக்கியதற்கும் உதாரணம் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிழக்கிலங்கையின் கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது விடிய விடிய ஆடியது சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆட்டமும் மத்தளத் தாளமும் கூடவே வந்தன. மரபு கெட்டது என்ற குறை எழுந்தாலும் புதிய தலைமுறை அந்த வழியாகக் கூத்துக்குள் நுழைந்தது.

பழைய தொடர்களை மீட்கவே வேண்டாம், எங்கள் நினைவைத் தொடாதீர்கள் என்பது ஒரு வாதம். அதை இலகுவாகத் தள்ள முடியாது. 2006இல் போரினால் சம்பூரை விட்டு வந்த குடும்பங்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வீடும் புகைப்படமும் பறிபோனவர்களுக்குப் பழைய தொடரின் பாட்டொன்று மாறாமல் இருப்பதே ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்குப் பழைய தொடரே போதும். அதைக் கெடாமல் காப்பதும் மீண்டும் ஒளிபரப்புவதும் அதற்கான வழி. புதுப்படம் எடுக்கிறவர் இனி வரும் பிள்ளைக்காக எடுக்கிறார். வளர்ந்தவர்களுக்கான கதை வேண்டுமென்றால் வேறு பெயரில் எடுக்கட்டும். பெயரை வாங்கியவர் அந்தப் பெயரை நம்பி வரும் பிள்ளைக்குக் கடன்பட்டவர். திரைப்படத்தின் வேகத்தில் யாரும் பதிலுக்குக் காத்திருக்க முடியாது என்பார்கள். வீட்டில் தனியே ஒரு பிள்ளை சொன்ன பதிலை அரங்கில் இருநூறு பிள்ளைகள் ஒரே குரலில் சொல்ல, அந்தச் சத்தத்தில் குள்ளநரி திரும்பி ஓடும் படத்தை எடுத்துப் பார்க்கலாமே.